மேற்குச் சுவரில் ஆறு ஓட்டைகள்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே செய்யாமல் இருப்பது எப்படி என்று நான் தீவிரமாகப் பயின்றுகொண்டிருந்த நேரத்தில் சாந்தினியிடமிருந்து அழைப்பு வந்தது. நான் ஓய்வுபெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் சாந்தினி.

“அங்கிள், பிஸியா?”

ஓய்வுபெற்றவனிடம் இப்படிக் கேட்பவர்கள் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள். “சொல்லும்மா” என்றேன்.

“போலந்து பார்ட்னர் நம்ம மேனுவல் படிச்சிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க. திறப்புக்கு முந்தி ஊதுபத்தி கொளுத்தணும்னு போட்டிருக்குல்ல? அது பூஜையான்னு கேக்கறாங்க. பூஜைன்னாலும் பரவாயில்லையாம், மரியாதையா செய்வாங்களாம். எந்தப் பக்கம் பார்த்து நிக்கணும், பொம்பளைங்க கொளுத்தலாமான்னு கேட்டிருக்காங்க.”

“கொளுத்தலாம்.”

“ஜோக் அடிக்காதீங்க லா, அங்கிள். இன்னொன்னும் இருக்கு. மேற்குச் சுவர்ல ஆறு ஓட்டை போடணும்னு ஒரு பக்கத்துல இருக்கு. அந்த ஆறையும் பச்சைத் திரை போட்டு மறைக்கணும்னு அடுத்த பக்கத்துல இருக்கு. மறைக்கிறதுக்கு எதுக்கு ஓட்டைன்னு அவங்க இன்ஜினியர் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்காராம்.”

என்னால் ஒரு போலந்துப் பொறியாளர் நிம்மதி இழந்திருக்கிறார் என்று கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். என் உத்தியோக வாழ்க்கையின் வீச்சு இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். என் முகவரி அட்டையில் ‘அனைத்துலக உரிமக் கூட்டாண்மை மேலாளர்’ என்று அச்சடித்திருந்தது. அட்டையை வாங்கிப் படிப்பவர்கள் பாதியிலேயே களைத்துப்போய், “என்ன வேலைன்னு சொன்னீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். வேலை எளிது. வெளிநாட்டில் ஒருவர் தன் சொந்தச் செலவில் பூப்பந்து அரங்கம் கட்டுவார். நாங்கள் எங்கள் பெயரையும் பயிற்சி முறையையும் ஒரு மேனுவலையும் கொடுப்போம். அந்த மேனுவலின்படிதான் கட்டியிருக்கிறாரா என்று பார்க்க இங்கிருந்து ஒருவன் விமானம் ஏறுவான். சரியாக இருந்தால் அவர் எங்கள் பெயர்ப்பலகையை மாட்டலாம். இல்லாவிட்டால் அவர் தன் பெயரை மாட்டிக்கொள்ளலாம். அதற்கு நாங்கள் தடை சொல்வதில்லை.

அதற்கு முந்தி நான் போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் இருந்தேன். மற்றவர்களின் பெட்டிகள் உலகம் சுற்றப் போவதைக் கரையில் நின்று கையசைத்து வழியனுப்பிய வருடங்கள் அவை. நிறையப் படித்தேன், சரக்குக் கப்பல் தாமதமாக வருவதைப்போல இலக்கியத்துக்கு உதவுவது வேறொன்றில்லை. அங்கே வைத்துத்தான் நானா என்னைப் பிடித்தார்.

நானாவின் முழுப்பெயர் ஜமாலுதீன். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், கிள்ளானில் துணி வியாபாரம். அண்ணன் என்கிற பொருளில் அவர்கள் வீட்டில் சொல்லும் நானா, கடைசியில் சீனப் பயிற்றுநர்கள் வரைக்கும் எல்லோருக்கும் நானாவாகிவிட்டது. துணி வியாபாரம் இளைத்த காலத்தில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் சும்மா கிடந்த தன் துணிக் கிடங்கில் கோடு போட்டு வலை கட்டி வாடகைக்கு விட்டார். கூட்டம் அலைமோதியது. அடுத்த சில வருடங்களில் சுங்கை வேயில் ஒன்று, இன்னும் சில இடங்களில் சில. பிறகு வெளிநாட்டிலிருந்து கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

“ஒப்பந்தம் எல்லாம் படிப்பியா தம்பி?” என்றார் என்னிடம்.

“படிப்பேன் நானா.”

“பூப்பந்து ஆடுவியா?”

“மாட்டேன்.”

“நல்லது. ஆடத் தெரிஞ்சவன் வந்தா ஆடிக்கிட்டேதான் இருப்பான்.”

என் பயிற்சிக்காலம் இந்த உரையாடலோடு நிறைவுற்றது.

மேனுவல் பிறந்த விதம் இதுதான். நானா பண்டமாரான் அரங்கத்துக்குள் நடந்தார், நான் பின்னால் எழுதிக்கொண்டே போனேன். “இருக்கறதை எழுது. ஜனங்க இங்கதான் வர்றாங்க. எதனால வர்றாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் எழுது” என்றார். இதைவிடத் தெளிவான வணிகத் தத்துவத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நுழைந்ததும் இடப்பக்கம் கவுண்டர். சுவர் முழுக்கக் கரும்பச்சை, வெள்ளை இறகு கண்ணுக்குத் தெரியவேண்டுமே. விளக்கு ஆட்டக்களத்துக்கு நேர் மேலே கூடாது, ஓரத்தில்தான். மேற்குச் சுவரில், கூரைக்குக் கீழே ஆறு ஓட்டைகள். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டைகள் இருந்தன. எழுதினேன்.

அப்புறம் படங்கள் எடுத்தோம். நான்காம் களத்துக்குப் பக்கத்தில் கூரை ஒழுகும், அதனால் அங்கே ஒரு சிவப்பு வாளி எப்போதும் இருக்கும். அதுவும் படத்தில் விழுந்துவிட்டது. முதல் வெளிநாட்டு அரங்கம் கொழும்பில், வெள்ளவத்தையில் திறந்தபோது ஆய்வுக்குப் போனோம். புத்தம்புதுக் கூரை, ஒரு சொட்டு ஒழுகாது. நான்காம் களத்துக்குப் பக்கத்தில் புத்தம்புதுச் சிவப்பு வாளி ஒன்று, துடைத்துப் பளபளவென்று. நான் சிரிப்பை அடக்கத் தூணுக்குப் பின்னால் போனேன். நானாவோ கண்கலங்காத குறைதான். “பார்த்தியா, இவன்தான் பார்ட்னர்!”

நானாவின் ஆய்வு முறை தனி. உள்ளே வந்ததும் பேசமாட்டார். தரைவிரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, துணி பார்ப்பதுபோல மெல்லத் தேய்த்துப் பார்ப்பார். வலையையும் அப்படித்தான். ஒருமுறை பார்ட்னர் ஒருவரின் சட்டைக் காலரையும் அப்படிப் பார்த்துவிட்டார், பழக்கதோஷம். அதன் பிறகு பையிலிருந்து ஊதுபத்தி வரும். துணிக்கடையில் தினமும் காலையில் கொளுத்திய கை அது. கதவெல்லாம் சாத்தி, விளக்கெல்லாம் போட்டு, ஒவ்வொரு களத்தின் நான்கு மூலையிலும், வலைக்குப் பக்கத்திலும், நெஞ்சு உயரத்தில் பத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இறகுப்பந்துக்குக் கனம் கிடையாது, இலேசான காற்று போதும், கோடு மாறிப்போகும். புகை ஒரு முழம் நேராக ஏறவேண்டும். அதற்குள் எந்தப் பக்கமாவது சாய்ந்தால் அந்தக் களம் தேறவில்லை. சாந்தினி, போலந்துக்காரர்களிடம் சொல்: எந்தப் பக்கம் பார்த்தும் நிற்கலாம். புகைதான் ஒரு பக்கமும் பார்க்கக்கூடாது.

இந்தச் சோதனையை நானா பண்டமாரானில் மட்டும் செய்ததே இல்லை. “மாதிரிக்கு எதுக்குடா சோதனை?” என்பார்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். நானா யாருக்கும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, தே தாரிக், வாங்கிக்கொடுப்பார். “வா, டீ குடிப்போம்” என்றால் முடிந்தது. அலுவலகத்தில் சம்பள உயர்வு கேட்டுப் போனவன் உதட்டில் நுரையோடு திரும்பினால் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை, நாற்காலியை மட்டும் நகர்த்திப் போடுவோம். துபாயில் ஒரு பார்ட்னர், சுவரையெல்லாம் கண்ணாடியாக்கி வைத்திருந்தார். நானா அவருக்கு ஏலக்காய் மணக்கும் டீ வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுப் பேசிவிட்டு வந்தார். அந்த மனிதர் அதை நட்பு என்று எண்ணி, திறப்பு விழாவுக்கு மேளக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு விளக்கிக் கடிதம் எழுதியது நான்.

இனி கோயம்புத்தூர்.

பூங்கொடி ஒரு காலத்தில் மாநில அளவில் ஆடியவர். பிறகு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. ஊருக்கு மேற்கே, பாலக்காட்டுச் சாலைப் பக்கம் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, வேலையையும் விட்டுவிட்டு எங்களோடு ஒப்பந்தம் போட்டார். எங்கள் மேனுவலை அவ்வளவு பக்தியோடு படித்தவர் வேறொருவர் இல்லை. கிடங்குக்காரருக்கு மட்டும் வேறு யோசனை. அந்த மாதத்துக்குள் எங்கள் பலகை ஏறாவிட்டால் இடத்தைக் கல்யாண மண்டபமாக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் ஆய்வுக்குப் போனபோதே ஒரு மூலையில் மண்டபத்துக்கான பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். தோற்பது நிச்சயமானால் மாப்பிள்ளை வீடு ரெடி.

ஆடி மாதம். அந்த ஊருக்கு மேற்கே மலையில் ஒரு பெரிய கணவாய் இருக்கிறது. ஆடியில் அதன் வழியாக வரும் காற்று, யாரையும் விசாரிக்காமல் நேராக வீட்டுக்குள் வருகிற உறவினர் மாதிரி. நானா தரையைத் தேய்த்தார், வலையைத் தேய்த்தார், தலையாட்டினார். ஊதுபத்தியைக் கொளுத்தினார். புகை ஏறவே இல்லை. பத்தியின் நுனியிலிருந்து படுத்தவாக்கில் கிழக்கே ஓடியது. அடுத்த களத்திலும் அப்படித்தான். எல்லாக் களத்திலும் அப்படித்தான்.

நானா பத்தியை அணைத்தார். கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

“வாம்மா, டீ குடிப்போம்.”

“இல்லைங்க சார்” என்றார் பூங்கொடி. “நான் டீ குடிக்கறதில்லைங்க. காப்பி போடச் சொல்லட்டுங்களா?”

நானா என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவருடைய டீயை யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்து என்ன செய்வது என்று அவரிடம் முறை ஏதும் கிடையாது, மேனுவலிலும் இல்லை. “சரி, போடச் சொல்லு” என்றார் பலவீனமாக.

“பால் கறந்து வர நேரமாகுங்க. அதுவரைக்கும் ஒரு ஆட்டம் ஆடலாங்களா? நீங்க நல்லா ஆடுவீங்கன்னு சார் சொன்னாருங்க.”

சார் என்பது நான். சொன்னதும் உண்மை. கிள்ளானில் நானாவின் ஓர் அடி பிரசித்தம். நான்காம் களத்தில் மாலை வேளைகளில் ஆடுவார். பந்து இடதுபக்கக் கோட்டுக்கு வெளியேதான் போவதுபோல் போகும். எதிராளி கையை இறக்கிவிடுவான். கடைசி நொடியில் உள்ளே வளைந்து கோட்டின்மேல் விழும். அதற்கு ‘நானா வளைவு’ என்றே பெயர். மணிக்கட்டில் இருக்கிறது வித்தை என்று அவர் இளைஞர்களைக் கூப்பிட்டு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவார். அவர்களும் வீட்டில் போய்த் திருப்பிப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போவார்கள்.

நானா தெற்குப் பக்கம் நின்றார். ரெண்டு மூன்று பந்து போனதும் உற்சாகம் வந்துவிட்டது. மணிக்கட்டைத் திருப்பி வளைவை இறக்கினார். பந்து இடக்கோட்டுக்கு வெளியே போனது, வளைந்தது, கோட்டைத் தாண்டியது, வளைந்துகொண்டே வந்து களத்தின் நட்ட நடுவில், பூங்கொடியின் முகத்துக்கு நேராக, கல்யாண மொய் மாதிரி வந்து நின்றது. அவர் அதை ஓங்கி அடிக்கவில்லை. அடிக்க மனசு வராமல் தட்டிவிட்டார்.

“சாரிங்க.”

“பரவாயில்லம்மா. கை வழுக்கிடுச்சு.”

மறுபடியும் வளைவு. மறுபடியும் நடுக்களம். மூன்றாம் முறை பூங்கொடி திருப்பி ஒன்று போட்டார். அது நானாவின் இடப்பக்கம் கோட்டுக்கு வெளியே வெகுதூரம் போனது. நானா கையை இறக்கினார். பந்து உள்ளே வளைந்து, கோட்டின்மேல் அழகாக விழுந்தது.

நானா குனிந்து பந்தை எடுக்கவில்லை. விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பூப்பந்து ஆடாதவன், எனக்கே புரிந்துவிட்டது. கிள்ளானில் மாலையானால் கடற்காற்று மேற்கிலிருந்து வரும்.

“உனக்கு யாரும்மா இதைக் கத்துக்குடுத்தது?”

“யாருமில்லைங்க. இங்க எல்லாப் புள்ளைகளும் இப்படித்தானுங்க அடிக்கும். காத்து கொண்டுபோய்ப் போட்டுருங்க.”

நானா நிமிர்ந்து மேற்குச் சுவரைப் பார்த்தார். கூரைக்குக் கீழே ஆறு ஓட்டைகள், அளவு பிசகாமல்.

“இந்த ஓட்டையெல்லாம் யாரு போடச் சொன்னது?”

“நீங்கதானுங்க.” பூங்கொடி மேனுவலை எடுக்கக்கூட இல்லை, மனப்பாடம். “பங்குனியில போட்டேனுங்க, அப்ப காத்தில்லை. ஆனியில ஆரம்பிச்சுது. ஓட்டையை மூடினா, மேனுவல்படி இல்லைன்னு ஃபெயில் பண்ணுவீங்க. மூடாட்டி, காத்துன்னு ஃபெயில் பண்ணுவீங்க. எதுல ஃபெயிலாகறதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. அந்தச் சேரெல்லாம் எடுத்து விரிச்சுப்போடலாம்.”

குரல் உயரவில்லை. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்க்காமல் இருக்க அவர் படும் பாடு மட்டும் தெரிந்தது.

நானா என்னிடம் திரும்பினார். “பண்டமாரான்ல அந்த ஓட்டை எதுக்கு தம்பி?”

நான் வெறும் பேனாதானே. “இருந்துச்சு நானா. எழுதச் சொன்னீங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. “அந்துருண்டை” என்றார். “எங்க அத்தா காலத்துல துணிக்குப் பூச்சி வராம மூட்டை மூட்டையா அந்துருண்டை போட்டு வச்சிருப்போம். உள்ள வேலை செய்யறவனுக்கு மூச்சு முட்டும். வாடை போறதுக்குப் போட்ட ஓட்டை அது.”

ஆக, பண்டமாரானில் என்றோ கரைந்துபோன அந்துருண்டையின் வாடை வெளியேறுவதற்காக, கொழும்பிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் சுவரைத் துளைத்திருந்தோம்.

“அப்ப அந்த வரியை எடுத்துடலாம் நானா” என்றேன்.

“எடுக்கவா? இன்னிக்கு ஓட்டையை எடுத்தா நாளைக்குக் கொழும்புக்காரன் வாளியை எடுப்பான். அப்புறம் துபாய்க்காரன் கண்ணாடியோட திரும்பி வருவான்.” மட்டையைக் கீழே வைத்தார். “மேனுவல்ல ஓட்டை வேணும்னு இருக்கு. இங்க ஓட்டை இருக்கா?”

“இருக்கு.”

“திரை போடக்கூடாதுன்னு இருக்கா?”

“இல்லை.”

“அப்புறம் என்னா லா? வண்டியை எடுக்கச் சொல்லு.”

துணிக்கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஒப்பணக்கார வீதியில் நானா தன் இயல்புக்கு வந்தார். ஒரு கடையில் அடுக்கிலிருந்த கெட்டித் துணியை இரண்டு விரலால் தொட்டதுமே கடைக்காரர் எழுந்து நின்று, “ஐயாவும் தொழில்ங்களா?” என்றார். கரும்பச்சையில் சாயம் போகாத ரகம் எது, கனம் போதுமா, உள்துணி எது என்று இருவரும் பேசிக்கொண்ட பேச்சில் எனக்குக் கடைசியில் கொடுத்த பில் மட்டும்தான் புரிந்தது. திரும்பி வந்து, தையல்காரரை உட்காரவைத்து, இரட்டையாக மடித்துத் தைத்து, அடியோரத்தில் கனத்துக்குச் சங்கிலி கோத்து, ஏணி வைத்து ஆறு ஓட்டைகளுக்கும் தொங்கவிட்டார்கள். நானா கீழே நின்று, “சுருக்கம் விழுது, இழு, இன்னும் கொஞ்சம்” என்று மணப்பந்தல் கட்டுவதுபோல மேற்பார்வை செய்தார்.

பிறகு ஊதுபத்தி. இந்த முறை பூங்கொடியின் கையில் கொடுத்தார். ஒவ்வொரு களத்தின் ஒவ்வொரு மூலையாக அவர் போய் நிற்க, நாங்கள் பின்னால் போனோம். திரை ஒருதரம் விம்மி அடங்கியது. புகை நேராக ஏறியது, ஒரு முழம் தாண்டியும் ஏறியது. கடைசி மூலையில் பத்தி தீர்ந்து விரல் சுடுகிற வரைக்கும் பூங்கொடி அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புகைங்க” என்றார். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

காப்பி வந்தது. நானா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை உற்றுப் பார்த்தார். “நல்லா இருக்கே” என்றார், யாரோ தன்னை இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டதுபோல. பலகை அந்த வாரமே ஏறியது. நாற்காலிகளைக் கிடங்குக்காரர் திரும்ப எடுத்துப்போக வந்தபோது, பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் உட்காரட்டும் என்று பூங்கொடி பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். இன்றைக்கும் வருடா வருடம் நானாவுக்குக் காப்பித்தூள் அனுப்புகிறார். நானா காப்பிக்கு மாறிவிட்டார். டீயை மற்றவர்களுக்கென்று வைத்திருக்கிறார்.

மேனுவலில் ஒரு பக்கம் சேர்ந்தது: ஊதுபத்திச் சோதனை, பச்சைத் திரை. எதையும் எடுக்கவில்லை. ஆகவே, சாந்தினி, போலந்துப் பொறியாளருக்கு இப்படி எழுது: ஊதுபத்தி பூஜை இல்லை, அறிவியல். ஓட்டையும் திரையும் அறிவியல் இல்லை, அதை வேண்டுமானால் பூஜை என்று வைத்துக்கொள்ளட்டும். சிவப்பு வாளியைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை என்றால் நீயாக ஆரம்பிக்காதே.

ஒன்று மிச்சம். ஓய்வுபெறுகிற வாரத்தில் எனக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் பிரிவுபசார விருந்துக்கான கேக்கையும் நானே வாங்கி வந்துவிடுவேனோ என்று பயந்தார்கள் போல. சும்மா இருக்க முடியாமல், கிள்ளான் போய் ஒரு மாலை பண்டமாரான் அரங்கத்தில் ஊதுபத்தி கொளுத்தினேன். மேற்குச் சுவரில் ஆறு ஓட்டைகள், திரை இல்லை. உலகத்தில் எங்கள் அரங்கங்கள் எல்லாவற்றிலும் பச்சைத் திரை தொங்குகிறது, இங்கே மட்டும் இல்லை. நான்காம் களத்தில் புகை அழகாகக் கிழக்கே வளைந்தது. அந்தப் பக்கம் நானா, தன் பேரன் வயதுள்ள ஒருவனோடு ஆடிக்கொண்டிருந்தார். பந்து இடக்கோட்டுக்கு வெளியே போனது, அவன் கையை இறக்கினான், பந்து உள்ளே வளைந்து கோட்டில் விழுந்தது. “மணிக்கட்டு லா, மணிக்கட்டு!” என்று திருப்பிக் காட்டினார்.

ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் போனேன். கையில் பத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

“நானா, மேனுவல்படி பார்த்தா நம்ம முதல் ஹாலே ஃபெயில். இங்கயும் அந்தப் பச்சைத் திரையை—”

நானா பத்தியைப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். பிறகு, இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தடவையும் கேட்காததை, மிகுந்த பிரியத்தோடு கேட்டார்.

“தம்பி, தே தாரிக் குடிக்கிறியா?”

குடித்தேன். நுரை நன்றாகவே இருந்தது.